மூன்று விரல்

படிவத்தின் பதினோராம் கேள்வியில்
பேனை நின்றது.
தலையிலோ கழுத்திலோ முன்பு அடிபட்டதுண்டா?
ஆம் என்றொரு பெட்டி, இல்லை என்றொரு பெட்டி.
ஒஷாவாவில் அன்று விடியமுன்னமே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.
பல் வைத்தியரின் வாசல் மிதியடியில்
எல்லாருடைய சப்பாத்துகளும் உப்புத் தண்ணீர் வடித்தன.
நான் இல்லைக்குச் சரி போட்டேன்.

சாம்பவிக்குப் பதினைந்து.
ஆவணியிலிருந்து அவள் தாடை சத்தம் போடுகிறது.
முதலில் அப்பளம் நொறுங்குகிறதென்று நினைத்தோம்.
பிறகொருநாள் வெறும் இடியப்பம், சொதி.
அதிலும் டிக்.
கொட்டாவி வந்தால் காதுக்கு முன்னால் கை வைக்கிறாள்,
காற்றில் கதவு அடிபடாமல் பிடிப்பதுபோல.
கிளாரினெட்டைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்;
ஏனென்றதற்குப் போரடிக்குது என்றாள்.
அவள் அம்மா சுவிங்கத்தைத் திட்டினாள், போனைத் திட்டினாள்,
கணிதப் பரீட்சையைத் திட்டினாள்.
எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.
சீற் பெல்ற் பூட்டும் சத்தம் அது.

அப்போது பதின்மூன்று. மாசி மாதம்.
சிம்கோ வீதியில் சிவப்பு விளக்கு.
என் மடியில் போன் ஒளிர்ந்தது:
இன்றைக்கு மேலதிக நேரம் வரலாமா?
ஒரு வரி வாசிக்கும் நேரம்தான்.
முன்னால் நின்ற பிக்கப் பெரிதாகி
இன்னும் பெரிதாகி
அவள் தலை முன்னே போய்ப் பின்னே வந்தது,
ஆமென்று ஒரேயொரு முறை சொல்வதுபோல.

இரத்தமில்லை. காற்றுப்பை வெடிக்கவில்லை.
பிக்கப்காரன் இறங்கி வந்து பார்த்துவிட்டுக்
கைகாட்டிப் போய்விட்டான்.
"கழுத்து நோகுது அப்பா."
"ஒண்டுமில்லை. கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கொண்டிரு."
பிறகு வீட்டு வாசலில், இஞ்சினை நிறுத்தாமலே:
"அம்மாட்டை வாய் திறக்காதை."

இரண்டையும் செய்தாள்.

"வாயைத் திற," என்றார் டொக்டர் ஒசேய். "இன்னும்."
மூன்று விரலை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைக்கச் சொன்னார்.
இரண்டு போயின.
மூன்றாவது வெளியே நின்றது,
பஸ்ஸில் இடம் கிடைக்காத பிள்ளைபோல.
அவர் படிவத்தைப் புரட்டினார்.
"ஒருபோதும் அடிபடவில்லையா?"
கேட்டது அவளை.
மென்று விழுங்கியது நான்.
மேலே விளக்கைப் பார்த்தபடி சாம்பவி சொன்னாள்:
"ஒருக்கா. காரிலை."
யார் ஓட்டியதென்று அவர் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

அதுதானா காரணம் என்று கேட்டேன்.
இருக்கலாம் என்றார். இல்லாமலும் இருக்கலாம்.
அடிபட்ட பிள்ளைகளுக்கும் வரும், படாத பிள்ளைகளுக்கும் வரும்,
கேட்டு வைப்பது நல்லது.
இரவில் பல் நெருமுகிறாளா?
வேலை முடிந்து மூன்று மணிக்கு நான் சப்பாத்துக் கழற்றும்போது
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மணல் அரைப்பார்கள்.
தெரியாதென்று சொல்ல வாயெடுத்து
ஓம் என்றேன்.
தீர்ப்புக்கு வந்தவன் கையில் ஒரு கடதாசி தந்தார்:
சூட்டு ஒத்தடம், மெத்தென்ற சாப்பாடு,
கழுத்துக்குப் பயிற்சி, ஆறு கிழமையில் திரும்ப வரவும்.

காரில் அவள் பின்சீற்றில்.
இரண்டு வருடமாக அங்கேதான்; கால் நீட்ட வசதியாம்.
டிக்.
பெல்ற்றா, தாடையா, பிரிக்க முடியவில்லை.
கண்ணாடிப் பனி இளகட்டுமென்று ஹீட்டரைப் போட்டுவிட்டு
குனிந்து, மூன்று விரலை என் வாய்க்குள் வைத்துப் பார்த்தேன்.
தாராளமாகப் போயின.
நான்காவதுக்கும் இடமிருந்தது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவள் அம்மா:
"டொக்டர் என்னவாம்?"

பின்பார்வைக் கண்ணாடியில் சாம்பவி,
காதுக்கு முன்னால் கை வைத்தபடி,
என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.